மேல்மாடி குளியலறைக்குக் கீழே சீலிங் கறை, பக்கத்து அறைச் சுவரில் உப்பு: தரையை உடைச்சுத்தான் ஆகணுமா?

சுவர்க்கோழி:

வணக்கம். இரண்டு மாடி வீடு, கான்கிரீட் தளம், செங்கல் சுவர், 14 வருஷம் ஆகுது. பார்த்தது எல்லாத்தையும் எழுதிடறேன்.

மேல்மாடி குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூடத்து சீலிங்கில் ஒரு பழுப்புக் கறை. முதலில் ஒரு தட்டு அளவுதான் இருந்தது, இப்போ இரண்டடி. நடுவில் உள்ளங்கை அளவு பூச்சு விழுந்து துருப்பிடிச்ச கம்பி தெரியுது. கறையிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு லைட் பாயின்ட் இருக்கு.

மாடியில் அதே குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஸ்கர்ட்டிங்குக்கு மேலே ஒன்றரை அடி வரைக்கும் பெயின்ட் பொருமி, தொட்டா வெள்ளைப் பொடி கொட்டுது. அரைச் செங்கல் சுவர். மழைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, வெயில் காலத்திலும் காயறதில்லை. குளியலறை சன்கன் ஸ்லாப் (மத்த அறையை விடத் தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தை நிரப்பி மேலே தரை போட்டது), பைப் எல்லாம் சுவருக்குள்ளே போன சிபிவிசி பிளாஸ்டிக்.

ஒருத்தர் தரை முழுக்க உடைக்கணும்னு சொல்றார். இன்னொருத்தர் கீழேயிருந்து கெமிக்கல் ஊசி போட்டா போதும்னு சொல்றார். பெயின்டர் ஓதம் தாங்கும் பெயின்ட் அடிச்சா சரியாயிடும்னு சொல்றார். கேள்விகள்: தண்ணி எங்கிருந்து வருதுன்னு எந்த வரிசையில் பார்க்கணும்? உடைக்காம முடியுமா? கம்பியை என்ன செய்யணும்? எப்போ பெயின்ட் அடிக்கலாம்?

பியூஸ்கட்டை:

மத்ததெல்லாம் அப்புறம். அந்த லைட் பாயின்ட் இருக்கிற சர்க்யூட்டின் எம்சிபியை (மெயின் பெட்டியில் உள்ள தானியங்கி சுவிட்ச்) இன்றே இறக்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் ஃபேஸ் வயரை மட்டும்தான் துண்டிக்கும். சில இடங்களில் மாற்றி இணைத்திருந்தால் அதையும் துண்டிக்காது.

இறக்கிய பிறகு டெஸ்டரை நம்பாமல் மல்டிமீட்டரில் வோல்டேஜ் இல்லை என்று உறுதி செய்து, லைட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் பாருங்கள். கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலோ செம்பு கறுத்திருந்தாலோ துடைத்துவிட்டு மறுபடி மாட்டக் கூடாது. கனெக்டரை மாற்றி, வயரின் கறுத்த பகுதியை வெட்டிவிட்டுப் பளிச்சென்ற செம்பு வரும் இடத்திலிருந்து இணைக்க வேண்டும். வெட்டியதில் நீளம் போதவில்லை என்றால் புது வயர் இழுங்கள், ஈரமான பெட்டிக்குள் ஒட்டுப்போட வேண்டாம்.

பிறகு மின்பணியாளரை வைத்து 500 வோல்ட் டிசியில் இன்சுலேஷன் டெஸ்ட். பல்பு, எல்இடி டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் எண் தப்பாக வரும், டிரைவரும் போய்விடும். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த லைனை ஏற்றாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே விழும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று யாராவது அதைப் பைபாஸ் செய்ய வந்தால் அனுப்பிவிடுங்கள். ஈரம் இருக்கும் வீட்டில் அது விழுவதுதான் அதன் வேலை.

ஒரு விஷயம், வயர் போகும் கண்ட்யூட் பைப் தளத்துக்குள் நெடுந்தூரம் ஓடும். லைட் பாயின்டில் தண்ணீர் சொட்டினால் ஓட்டை அதற்கு மேலேதான் என்று முடிவு கட்டாதீர்கள். கண்ட்யூட்டே தண்ணீரைக் கொண்டுவந்து விட்டிருக்கலாம்.

ரசமட்டம்:

நீங்கள் எழுதிய அறிகுறிகளிலேயே பாதி விடை இருக்கிறது. மழையோடு கூடவில்லை, குறையவில்லை என்பதால் மொட்டை மாடியும் வெளிச்சுவரும் அநேகமாகக் கணக்கிலிருந்து போய்விட்டன. மாடிச் சுவர் என்பதால் மண்ணிலிருந்து ஏறும் ஓதமும் கிடையாது. மிச்சம் மூன்று. அழுத்தத்தில் இருக்கும் பைப், வடிகால் பைப், தரை. மூன்றும் கசியும் நேரம் வேறு. அழுத்த பைப் இரவும் பகலும் கசியும். வடிகால் பயன்படுத்தும்போது மட்டும். தரை, நின்று குளித்த பிறகு. ஆனால் உங்களுடையது சன்கன் ஸ்லாப். மேலே எப்போது கசிந்தாலும் தண்ணீர் முதலில் உள்நிரப்பில் போய்த் தங்கிவிட்டு, அப்புறம்தான் கீழே மெல்ல இறங்கும். அதனால் கறையைப் பார்த்து நேரம் சொல்ல முடியாது; சோதனைதான் வழி.

தொடங்குமுன் கறையின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போடுங்கள். படுக்கையறைச் சுவரிலும் அப்படியே. ஈரமானி கிடைத்தால் 30 செ.மீ. கட்டங்களாகச் சுவரிலேயே எண்களை எழுதி வையுங்கள். இரண்டு முள் கொண்ட மானி மரத்துக்கென்று அளவு வைத்தது. சுவரில் அது காட்டும் சதவீதத்துக்குத் தனியாக அர்த்தம் இல்லை. இங்கே அதிகம், அங்கே குறைவு என்று ஒப்பிடத்தான் உதவும். உப்பு பூத்த இடத்தில் காய்ந்த பிறகும் அதிகமாகவே காட்டும். அந்த எண்ணை வைத்துப் பயந்து சுவரை உடைத்தவர்கள் உண்டு.

சோதனைகளின் வரிசை முக்கியம். உடைக்காதது முதலில், தண்ணீரைத் தேக்குவது கடைசியில். முதலிலேயே தரையில் தண்ணீரைத் தேக்கினால் உள்நிரப்பு ஊறிப்போய் அடுத்த பல நாள்களுக்கு எல்லாச் சோதனையும் குழம்பும்.

முதலில் மீட்டர். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடாமல் மறுபடி பாருங்கள். தொட்டியிலிருந்து வரும் லைன் என்றால் தொட்டிக்குள் வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு, இரவு மட்டத்தைக் குறித்துக் காலையில் பாருங்கள். பிளஷ் டேங்க் கசிவு இந்தக் கணக்கைக் கெடுக்கும், அதன் ஆங்கிள் வால்வை மூடிவையுங்கள். சிறிய கசிவு இதில் தெரியாமல் போகலாம், தெரிந்தால் லாபம்.

அடுத்து பிரஷர் டெஸ்ட். குளியலறைக்கு வரும் லைனை வால்வில் மூடினால் மட்டும் போதாது, பழைய வால்வு முழுசாகப் பிடிக்காது. முடிந்தால் அந்த இடத்தில் கழற்றி டம்மி (முனையை அடைக்கும் மூடி) போடுங்கள். எல்லா முனைகளுக்கும் அரை அங்குல டம்மி, டெஃப்லான் டேப் சுற்றி. ஒரு முனையில் கை பம்பும் கேஜும். முதலில் தண்ணீரை நிரப்பிக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். காற்று மிச்சம் இருந்தால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். தொட்டியிலிருந்து இறங்கும் வீட்டில் 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம், எனவே 4 பார் தாராளம். புது லைனுக்கு வைக்கிற மாதிரி 10 பார் ஏற்றினால் நன்றாக இருக்கும் பழைய ஜாயின்ட்டும் திறந்துகொள்ளும். முதல் பத்து நிமிஷத்தில் கொஞ்சம் இறங்கும், பைப் விரிவதால். மறுபடி 4க்கு ஏற்றி, அதிலிருந்து ஒரு மணி நேரம் பாருங்கள். குளிர் லைனையும் சூடான லைனையும் தனித்தனியாக. மிக்சர் வழியாக இரண்டும் கலந்திருக்கும் என்பதால் மிக்சரைக் கழற்றி டம்மி போட்டால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள்.

மூன்றாவது வடிகால். ஒரு வாளி, சுமார் 20 லிட்டர் தண்ணீரில் உணவு நிறமி கலந்து, தரை நனையாமல் குழாய் வைத்து நேராக வடிகால் வாயில் ஊற்றுங்கள். ஒரு நாள் வாஷ் பேசின், அடுத்த நாள் டாய்லெட், அதற்கடுத்த நாள் நஹானி டிராப் (தரைத் தண்ணீர் வடியும் வாயில் உள்ள கிண்ணம்). ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம், நடுவில் ஒரு முழு நாள். சோதனை முடியும் வரை அந்தக் குளியலறையில் குளிக்காதீர்கள். நிறம் கீழே வந்தால் குற்றவாளி அகப்பட்டான். வரவில்லை என்பதால் அது சுத்தம் என்று ஆகாது, உள்நிரப்பு மணல் நிறத்தை உறிஞ்சிவிடும். பென்சில் கோடும் மானி எண்ணும் மாறினவா என்றும் பாருங்கள்.

கடைசியாகத் தேக்குதல். டிராப்பை அடைத்து 25 மி.மீ. தண்ணீர், வாசல்படி உயரத்துக்கும் கீழே. இது சதுர மீட்டருக்கு 25 கிலோ, நல்ல தளத்துக்குப் பாரமே இல்லை. உங்கள் கம்பியின் நிலையைப் பார்த்த பிறகு செய்யுங்கள். சுவரில் டேப் ஒட்டி மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம். பக்கத்திலேயே அகலப் பாத்திரத்தில் அதே ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். பாத்திரத்தில் குறைந்தது ஆவியாதல், தரையில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது கசிவு.

படுக்கையறையில் ஏசி உண்டா? அதன் வடிகுழாய் அந்தச் சுவருக்குள் போனால் அதையும் பட்டியலில் சேருங்கள். சுவர் வெறும் வியர்வையாக இருக்கலாமோ என்ற சந்தேகத்துக்கு, உப்பில்லாத இடத்தில் அலுமினிய ஃபாயிலை நாலு பக்கமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். வெளிப்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம். உள்பக்கம் நனைந்தால் சுவரிலிருந்து வருவது. உப்புப் பொடி கொட்டுகிறது என்பதால் உங்களுக்கு உள்பக்கம்தான் நனையும் என்பது என் கணிப்பு.

சுவர்க்கோழி:

ரொம்ப நன்றி. ஏசி வடிகுழாய் வேற பக்கம் போகுது, அது இல்லை. லைட் சர்க்யூட்டை இறக்கியாச்சு.

முடிவுகள்: குளிர் லைன் ஒரு மணி நேரம் 4 பாரில் அப்படியே நின்னது. சூடான லைன் 20 நிமிஷத்தில் 4லிருந்து 2.5க்கு இறங்கிடுச்சு! பேசின், டாய்லெட் நிறம் எதுவும் வரலை. நஹானி டிராப்பில் ஊத்தின நீலம் அடுத்த நாள் சீலிங்கில் கம்பி தெரியிற இடத்தில் வந்துடுச்சு. அப்போ ரெண்டு கசிவா? சூடான லைனுக்காகச் சுவரை உடைக்கணுமா? தேக்குற சோதனை இன்னும் செய்யலை.

ரசமட்டம்:

சுவரில் கை வைக்காதீர்கள். கீசர் லைனில் இருந்ததா, கழற்றினீர்களா? கீசரை விட்டுவிட்டு டெஸ்ட் செய்தால் அதன் சேஃப்டி வால்வும், உள்ளே வரும் பக்கத்து ஒருவழி வால்வும் சேர்ந்தே சோதனைக்கு வருகின்றன. ஒருவழி வால்வு சரியாகப் பிடிக்காவிட்டால் அழுத்தம் குளிர் லைன் பக்கம் திரும்பிப் போகும், கேஜ் இறங்கும், ஒரு சொட்டும் எங்கும் கசிந்திருக்காது. கீசரின் இரண்டு ஹோஸையும் கழற்றி, சுவரில் உள்ள இரண்டு முனைகளுக்கும் டம்மி போட்டு மறுபடி ஒரு மணி நேரம்.

சுவர்க்கோழி:

கீசரைக் கழற்றி டம்மி போட்டுப் பார்த்தாச்சு. 4 பார், ஒரு மணி நேரம், முள் அசையலை. சுவரை உடைக்க ஆளைக் கூப்பிட்டிருந்தேன், வேண்டாம்னு சொல்லிட்டேன். அப்போ டிராப் மட்டும்தான்னா, அதைச் சுத்தி மட்டும் திறந்தா போதுமா? இல்ல தரை முழுக்கவா?

மட்டப்பலகை:

இப்போதைக்கு ரெண்டடிக்கு ரெண்டடி போதும். அதைத் திறந்து பார்த்துட்டுதான் முழுத்தரை விஷயம்.

டிராப்பைச் சுத்தி டைல்ஸை கிரைண்டரில் கோடு போட்டு எடுங்க. சுத்தியலால் அடிச்சு எடுத்தா பக்கத்து டைல்ஸ் பொக்கையாயிடும். உள்நிரப்பைக் கையால் அள்ளித் தளம் வரைக்கும் தோண்டுங்க. அடியில் தண்ணி நிக்குதா பாருங்க. நின்னா துணியால் ஒத்தி எடுத்துட்டு ஒரு மணி நேரம் விடுங்க. திரும்ப ஊறி வந்தா முழு உள்நிரப்பும் தண்ணியில் கிடக்குதுன்னு அர்த்தம். அது வரலைன்னா, தூரமா இருக்கிற மூலையில், படுக்கையறைச் சுவர் ஓரமா, டைல்ஸ் இடுக்கில் 10 மி.மீ. பிட் வெச்சு உள்நிரப்பு வரைக்கும் மட்டும் ஒரு துளை போடுங்க. அந்தப் பக்கம் பைப் எதுவும் போகலைன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போடணும். பிட்டில் உலர்ந்த தூசு வந்தா நல்லது. களி மாதிரி ஒட்டிக்கிட்டு வந்தா முழுசும் எடுத்தே ஆகணும். உங்க படுக்கையறைச் சுவர் ஒன்றரை அடி ஊறியிருக்கிறதைப் பார்த்தா எனக்கு ரெண்டாவதுதான் வரும்னு தோணுது. ஆனா ஒரு துளைக்கு ஆகிற நேரம் பத்து நிமிஷம், அதைப் போடாம தரையை உடைக்கச் சொல்றவர் பேச்சைக் கேக்காதீங்க.

டிராப் கசியிற இடம் பெரும்பாலும் மூணு. டிராப் வாய்க்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி, டிராப்பும் பைப்பும் சேரும் ஜாயின்ட், தளத்தில் பைப் இறங்கும் துளை. உங்க தண்ணி நேரா டிராப்புக்குள்ளே ஊத்தினதுக்கே கீழே வந்ததால ஜாயின்ட் மேலதான் முதல் சந்தேகம். டிராப்பை மாத்திட்டு, தளத்துத் துளையைச் சுத்தி 25 மி.மீ. ஆழத்துக்குக் கொத்திவிட்டு, தூசு இல்லாம ஊதி, ஈரப்படுத்தி, சுருங்காத கிரவுட் அடைக்கணும். சாதாரண சிமென்ட் கலவை அடைச்சா காயும்போது சுருங்கிப் பைப்பைச் சுத்தி மயிரிழை அளவுக்கு விலகும். அந்த இழை போதும். பிவிசி பைப் வழவழப்பா இருக்கும், அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்ச்சுச் சொரசொரப்பாக்கினாதான் எதுவும் பிடிக்கும்.

கீழேயிருந்து ஊசி போடுறது பத்திக் கேட்டீங்க. எனக்கு அதில் உடன்பாடில்லை. கெமிக்கல் அந்த விரிசலை அடைக்கும். மேலே தேங்கியிருக்கிற தண்ணி அப்படியேதான் இருக்கும், அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும், கம்பியும் அதே ஈரத்தில் கிடந்து துருப்பிடிக்கும். மேலே திறக்கவே வழியில்லாத இடத்துக்கு அது சரி. உங்களுக்கு வழி இருக்கு.

முழுசா எடுக்க வேண்டி வந்தா வேலை இப்படி. உள்நிரப்பை எடுத்துத் தளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ச்சுக் கழுவி விடுங்க. தரையும் சுவரும் சேரும் மூலை முழுக்க 50க்கு 50 மி.மீ. சாய்வாப் பாலிமர் கலவை வெச்சு இழுக்கணும். நேர்கோண மூலையில் கோட்டிங் மெலிசாயிடும், முதல்ல கிழியறது அங்கதான். அப்புறம் ரெண்டு பாகமா வரும் அக்ரிலிக் சிமென்ட் கோட்டிங். பாக்கெட்டில் போட்ட விகிதத்தை எடை போட்டுக் கலக்கணும். தண்ணி மாதிரி வரட்டும்னு கூடுதலா ஊத்தினா படலம் காஞ்சதும் பொடியாகும். தளம் ஈரமா இருக்கலாம், தண்ணி தேங்கி நிக்கக் கூடாது. முதல் கோட் ஈரமா இருக்கும்போதே மூலையிலும் பைப்பைச் சுத்தியும் கண்ணாடி இழை வலையை அழுத்திப் பதிங்க. நாலு முதல் ஆறு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது கோட், முதலுக்குக் குறுக்கா. ஒரே கோட்டைத் தடிமனா அடிச்சு முடிச்சிடலாம்னு பார்ப்பாங்க. அது காயும்போதே வெடிக்கும்.

உயரம்: முடிஞ்ச தரை மட்டத்திலிருந்து 300 மி.மீ. எல்லாச் சுவரிலும், ஷவர் பக்கம் 1.8 மீட்டர். படுக்கையறை அரைச் செங்கல் சுவர்ங்கிறதால அந்தப் பக்கமும் 1.8 மீட்டரே எடுத்துடுங்க. மூணு நாள் விட்டு, டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி 48 மணி நேரம் தண்ணி கட்டிப் பாருங்க. ஒட்டின பிறகு கட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, கசிஞ்சா மறுபடி உடைக்கத்தான் போறீங்க. பிறகு உள்நிரப்பு, அதுக்கு மேலே வாட்டம் வெச்ச கலவை, அதுக்கு மேலே இன்னொரு முறை அதே கோட்டிங். வாட்டம் மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ., டிராப்தான் ஆகத் தாழ்ந்த இடம். சன்கன் தளத்தின் அடி மட்டத்தில் ஒரு சின்ன வடிபைப் வெளிச்சுவருக்கு விட்டுட்டா, பின்னாடி எப்போ கசிஞ்சாலும் சீலிங் கறையாகிறதுக்கு முன்னாடி வெளியே சொட்டி தெரிஞ்சுடும்.

வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்சதும் அறைக்குப் பூட்டு போடுங்க. பிளம்பர் டாய்லெட்டுக்கு ஸ்க்ரூ போட டிரில் எடுத்துக்கிட்டு வருவார்.

கம்பிக்கூடு:

சீலிங் கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை, அதைச் சொல்கிறேன். முதல் நிபந்தனை, மேலே கசிவு நின்ற பிறகுதான் இது. ஈரத்தின் மேல் வைக்கும் கலவை அடுத்த வருஷம் தட்டாகக் கழன்று விழும்.

தாமதிக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சின்னச் சுத்தியலால் கறையைச் சுற்றி ஒரு மீட்டர் வரை மெதுவாகத் தட்டுங்கள், தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நேர் கீழே நிற்காமல். கணீரென்ற சத்தம் வந்தால் நல்ல கான்கிரீட். பொக்கைச் சத்தம் வரும் இடத்தைச் சாக்கட்டியால் சுற்றுங்கள். அந்தப் பரப்பு எப்போது வேண்டுமானாலும் விழும், கீழே யாரும் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். துரு, கம்பியின் இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் எடுக்கும். கான்கிரீட்டை உள்ளிருந்து பிளப்பது அந்த அழுத்தம்தான், தண்ணீரின் எடை இல்லை.

பொக்கை ஒரு சதுர மீட்டரைத் தாண்டினாலோ, தளம் தொய்ந்திருந்தாலோ, விரிசல் சுவர் வரை ஓடினாலோ முட்டு கொடுத்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதற்குக் கீழே என்றால் இந்த முறை.

பொக்கைப் பரப்பின் ஓரத்தைக் கிரைண்டரில் 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டுங்கள். ஓரம் மெலிந்து முடிந்தால் அங்கிருந்து உரியும். உளியால் கொத்தி, கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. இடைவெளி வரும் வரை எடுங்கள். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து பின்பக்கத் துருவை விட்டுவிடுவதுதான் இந்த வேலை தோற்பதற்கு முதல் காரணம். துரு முடிந்து சுத்தமான கம்பி தெரிந்த பிறகும் இரு பக்கமும் 50 மி.மீ. தாண்டிப் போங்கள்.

கொத்தின புதுப் பரப்பில் 1 சதவீத பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத இடம் காரத்தன்மை இழந்தது. கம்பியைக் காக்கும் சக்தி அங்கே போய்விட்டது. கம்பியைச் சுற்றி நிறம் மாறாவிட்டால் இன்னும் கொத்துங்கள்.

துருவைக் கம்பி பிரஷ்ஷில் பளபளப்பு வரும் வரை எடுத்து, வெர்னியரால் விட்டத்தை அளந்து பாருங்கள். கண்ணளவு இங்கே ஏமாற்றும். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் சிறிய வித்தியாசம் போலத் தெரியும். பரப்பில் பார்த்தால் 23 சதவீதம் போய்விட்டது. 20 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும், இரு பக்கமும் நல்ல கம்பியோடு விட்டத்தைப் போல 50 மடங்கு, அதாவது 8 மி.மீ. கம்பிக்கு 400 மி.மீ. ஒட்டு. அதைப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

கம்பிக்குத் துத்தநாகம் நிறைந்த பிரைமர் இரண்டு கோட். பிறகு எஸ்பிஆர் லேட்டக்ஸும் (கலவையில் சேர்க்கும் பாலிமர் திரவம்) சிமென்ட்டும் கலந்த பால், கான்கிரீட் மேல். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவை வைக்க வேண்டும், காய்ந்துவிட்டால் ஒட்டவைப்பதற்குப் பதிலாகப் பிரித்துவிடும். கலவை 1 பங்கு சிமென்ட், 3 பங்கு மணல், சிமென்ட் எடையில் 15 சதவீதம் எஸ்பிஆர், தண்ணீர் கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும். தலைக்கு மேலே வைக்கும் வேலை என்பதால் ஒரு தடவைக்கு 10 முதல் 15 மி.மீ., முகத்தைக் கீறிவிட்டு, இறுகிய பிறகு அடுத்த அடுக்கு. வேலை முடிந்ததும் கம்பிக்குக் கீழே அதை மறைக்கும் கலவை 20 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். முதல் நாள் ஈரத்தோடு வைத்து, அப்புறம் காற்றில் விடுங்கள். பாலிமர் கலவையைச் சாதாரணப் பூச்சு மாதிரி ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருந்தால் படலம் உருவாகாது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து அந்த ஓட்டையை அடைக்க யாரையும் விடாதீர்கள். ஜிப்சம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு கம்பியை இன்னும் அரிக்கும்.

ரசமட்டம்:

படுக்கையறைச் சுவருக்கு என் பங்கு. பெயின்டர் சொன்னதைச் செய்யாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே நீர்புகாப் படலம் போட்டால் உப்பு அந்தப் படலத்துக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளும், அல்லது ஈரம் அதைத் தாண்டி இரண்டரை அடி உயரத்தில் வெளியே வரும்.

தெரியும் ஓத விளிம்பிலிருந்து இன்னும் 300 மி.மீ. மேலே வரை பூச்சைச் செங்கல் தெரிய எடுங்கள். செங்கல் இடுக்குகளை 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி வேக்யூமில் எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி செங்கலுக்குள்ளேயே போகும். புதிதாகப் பூக்கும், மறுபடி கூட்டுங்கள். பூப்பது குறைந்துகொண்டே வரும்.

செங்கல் சுவர் காய்வதற்கு ஏறக்குறைய 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. அரைச் செங்கல் சுவர் இரு பக்கமும் திறந்திருந்தால் அதைவிடச் சீக்கிரம். குளியலறைப் பக்கம் கோட்டிங் போட்ட பிறகு காயும் வழி படுக்கையறைப் பக்கம் மட்டும்தான், எனவே அவசரப்பட்டுப் பூச வேண்டாம். ஃபேனைச் சுவருக்கு இணையாக வீசும்படி வையுங்கள். வெளியே காற்று உள்ளதைவிட உலர்ந்திருந்தால் ஜன்னலைத் திறங்கள். வெளியே புழுக்கமாக இருந்தால் மூடிவிட்டு டீஹியுமிடிஃபையர், அறை ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு. ஹீட் கன்னை வைத்துச் சுடுவது மேல்தோலை மட்டும் காயவைத்து உப்பை வெளியே இழுக்கும்.

போதுமா என்று தெரிய, 45 செ.மீ. சதுர பாலிதீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி 24 மணி நேரம். உள்ளே வியர்க்காமல், பின்னால் செங்கல் நிறம் கறுக்காமல் இருந்தால் பூசலாம். புதுப் பூச்சுக்கு 28 நாள், பிறகு இதே சோதனை மறுபடி, பிறகு காரம் தாங்கும் பிரைமர், சிமென்ட் பட்டி, சுவாசிக்கும் எமல்ஷன்.

அலமாரி அந்தச் சுவரை ஒட்டி இருந்தால் பின்பலகையைப் பாருங்கள். எம்டிஎஃப், துகள் பலகை ஊதியிருந்தால் திரும்பாது, தூக்கிப் போடுங்கள். நல்ல பிளைவுட் காயும். 20 சதவீத ஈரத்துக்குக் கீழே வந்தால்தான் பூஞ்சை அரிப்பு நிற்கும். இந்த எண்ணுக்கு அந்த முள் மானியை நம்பலாம், அது மரத்துக்கானது.

சுவர்க்கோழி:

துளை போட்டாச்சு. களிதான் வந்தது. டிராப் ஓரத்தில் திறந்ததில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணி. முழுசா எடுக்கிறோம். சீலிங்கில் தட்டிப் பார்த்ததில் பொக்கை இரண்டடிக்கு ஒன்றரை அடி. கம்பி 7.4 மி.மீ. காட்டுது. அலமாரிக்குப் பின்னாடி கறுப்புப் பூஞ்சை இருக்கு, பிளீச்சிங் அடிச்சா போயிடுமா?

கம்பிக்கூடு:

7.4 என்றால் 14 சதவீதம் இழப்பு. புதுக் கம்பி தேவைப்படாது, ஆனால் முழுக்கக் கொத்திய பிறகு ஐந்தாறு இடத்தில் அளங்கள். துரு ஒரே சீராகத் தின்பதில்லை, குழிவிழுந்த இடத்தின் அளவுதான் கணக்கு.

ரசமட்டம்:

பிளீச் பூச்சுக்குள் போகாது; மேல் நிறம் வெளுக்கும், வேர் உள்ளேயே இருக்கும். அந்தப் பூச்சை எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள், அதோடு போகட்டும். எடுக்கும்போது உலரச் சுரண்டாமல் லேசாகத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், வித்துகள் பறக்காது. என்95 முகக்கவசம், கையுறை, அறைக் கதவில் பாலிதீன், ஃபேன் அணைத்து. அலமாரியின் கெட்டியான லேமினேட் பரப்பைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவைத்தால் போதும். பிளீச்சை வேறெங்காவது பயன்படுத்தினாலும் டாய்லெட் ஆசிடோடோ அம்மோனியா கலந்த கிளீனரோடோ சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தாலோ நீங்களே இறங்காமல் ஆள் வையுங்கள்.

மட்டப்பலகை:

உள்நிரப்பை அள்ளும்போது பழைய டிராப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஜாயின்ட்டைத் திருப்பிப் பாருங்க. சால்வென்ட் ஒட்டே இல்லாம சும்மா செருகியிருந்தா, அதே ஆள் அதே நாளில் போட்ட பேசின் ஜாயின்ட்டும் டாய்லெட் ஜாயின்ட்டும் அப்படித்தான் இருக்கும். தரை திறந்திருக்கும்போதே மூணையும் மாத்திட்டு, கடைசி முனையை அடைச்சு, பைப் வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி ஒரு மணி நேரம் பாருங்க. மட்டம் இறங்கலைன்னா மட்டும் கோட்டிங் டப்பாவைத் திறங்க.